பங்காளி ரொட்டி

எங்கள் குடும்பத்தில் ரொட்டிக்கு இரண்டு கட்சி உண்டு. அப்பா ஒரு பேக்கரி, சித்தப்பா இன்னொரு பேக்கரி. 1999-இல் பிரிந்த கட்சிகள். அதற்கு முன்னால் கிங் ஸ்ட்ரீட்டில் ஒரே மாடியில் இருந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள்தான். அப்பா இறந்து மூன்று வருடமாகிவிட்டது. கட்சி இன்னும் கலையவில்லை. இந்த வருடத் திதிக்கு முன்னால், இரண்டு கடை ரொட்டியையும் ஒரே நாளில் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருமுறை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இருபத்தைந்து வருடச் சண்டைக்கு ஒரு தீர்ப்பு வேண்டாமா?

மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்கள் ரொட்டி என்றதும் ரொட்டி சானாயை, அதாவது பரோட்டாவை நினைத்துவிடக் கூடாது. இது அடுமனையில் வேகும் ரொட்டி. மலாயில் 'ரொட்டி பெங்காலி' என்பார்கள். உயரமாக, கனமாக இருக்கும். உச்சியில் கரும்பழுப்பாக முறுகிய தோல். பக்கங்களில் தோல் கிடையாது. அடுப்புக்குள் ஒன்றோடொன்று ஒட்டி வெந்து, வெளியே வந்த பிறகு பிய்த்துப் பிரிப்பதால் பக்கம் முழுக்கப் பஞ்சைக் கிழித்த மாதிரி இருக்கும். சூப்பர் மார்க்கெட்டில் துண்டு போட்டுப் பையில் விற்கும் ரொட்டியைக் குழம்பில் முக்கினால் பாதி குழம்போடு போய்விடும். இது நிற்கும். ஆட்டுக்கறிக் குழம்புக்கு இதற்கு மேல் ஒரு ஜோடி கிடையாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கரி அடுப்பில் வாட்டி, வெண்ணெயும் காயாவும் தடவி, அரை வேக்காட்டு முட்டையோடு சாப்பிடுகிறவர்களும் உண்டு. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பினாங்கில் எல்லோருடைய பசியாறலிலும் இது இருக்கிறது.

சுடுகிறவர்கள் தமிழ் முஸ்லிம்கள். ஜார்ஜ் டவுனில் டிரான்ஸ்ஃபர் ரோட்டுப் பக்கம் போனால் இஸ்மாலியா, பிரிட்டிஷ் மலாயா என்று இரண்டு பழைய பெயர்கள் கண்ணில் படும். பிரிட்டிஷ் மலாயா என்ற நாடு போய்விட்டது, பேக்கரி மட்டும் பி.எம். என்று சுருங்கி இருக்கிறது. இவை தவிர வேறு இடங்களிலும் இந்த ரொட்டி வேகிறது. அப்பாவுடைய கடை எது, சித்தப்பாவுடைய கடை எது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மூன்றாவது கட்சி நான்தான்.

பெங்காலி ரொட்டிக்கும் வங்காளத்துக்கும் என்ன தொடர்பு? பேக்கரிக் குடும்பங்கள் வழியாக வந்து பினாங்கு முழுக்கப் பரவியிருக்கும் கதை இதுதான்: தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பங்கு போட்டு ஆரம்பித்த பேக்கரி. வேலை செய்தவர்களுக்கும் பங்கு இருந்தது. ஆகவே அது பங்காளிகளின் ரொட்டி, பங்காளி ரொட்டி. மலாய் வாயில் அது 'பெங்காளி' ஆகி, கேட்டவர்கள் 'பெங்காலி' என்று எழுதிக்கொண்டார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்ன விபத்து என்று தெரியும். ஒரு கொம்பு கூடியிருக்கிறது, ஒரு ளகரம் லகரமாகியிருக்கிறது.

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் இடம் உண்டு. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியதிலிருந்து 1805-இல் அது தனி மாகாணமாகும் வரை தீவை ஆண்டது கல்கத்தா. வங்காளத்திலிருந்து சிப்பாய்கள் வந்தார்கள், கைதிகள் வந்தார்கள். லீத் ஸ்ட்ரீட்டில் பெங்காலிப் பள்ளிவாசல் இன்றைக்கும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் சீக்கியர்களைக்கூடப் பெங்காலி என்றுதான் சொல்லிவந்தார்கள். வடக்கிலிருந்து வந்தவர், கொண்டுவந்த பொருள் எல்லாவற்றுக்கும் ஒட்டத் தயாராக அந்தப் பெயர் இருந்தது. ஆனால் மலாய்மொழி தமிழிடம் வாங்கிய சொற்களைப் பாருங்கள்: கடை 'கெடை' ஆனது, கப்பல் 'காப்பல்' ஆனது, வியாபாரத்தில் போடும் முதல் 'மோடல்' ஆனது. கடையும் முதலும் போனபோது பங்காளி மட்டும் எப்படிப் பின்தங்கும்? நான் பங்காளிப் பக்கம். எனக்கு அதில் சொந்தக் காரணமும் இருக்கிறது.

பங்காளி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகம். வியாபாரத்தில் பங்குள்ளவன் பங்காளி. ஒரே தாத்தா வழியில் வந்து, ஒரே சொத்தில் பங்குள்ள ஆண்வழி உறவும் பங்காளி. இந்த இரண்டாவது பொருளில் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால் போதும், கேட்கிறவர் காதில் சண்டை என்ற சொல்லும் தானாக வந்து விழும். சீனர்களுக்கு 'கொங்சி' இருக்கிறது. குலச்சங்கமும் அதுதான், கூட்டு வியாபாரமும் அதுதான். மலாயில் இன்றைக்குக் 'கொங்சி' என்றால் பகிர்ந்துகொள்வது. "கொங்சி பண்ணி சாப்பிடுங்க" என்று நாங்களும் தமிழில் சொல்கிறோம். பங்காளி பண்ணிச் சாப்பிடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

தாத்தா துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். கிங் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடி, பலகை அடித்து மூன்று அறை. பாட்டி, அப்பா குடும்பம், சித்தப்பா குடும்பம். இப்போது லிட்டில் இந்தியா என்று வளைவு போட்டு வரவேற்கிற பகுதிதான். அப்போது எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைத்தெரு, மற்றதெல்லாம் 'நம்ம ஏரியா'. குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் மணி வீட்டுக்குக் கேட்கும். சாயங்காலம் ரொட்டி பாய் மோட்டாரில் வந்து அஞ்சடியில் நின்று ஹார்ன் அடிப்பார். சனிக்கிழமை வாங்கி வைத்த ரொட்டி ஞாயிறு காலையில் பாட்டியின் ஆட்டுக்கறியோடு வரும். வட்டமாக உட்கார்ந்து பிய்ப்போம். உச்சித் தோல் எனக்கும் சித்தப்பா மகனுக்கும். அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். தோலுக்காக நாங்கள் போட்ட சண்டைதான் அந்த வீட்டில் நான் பார்த்த முதல் பங்காளிச் சண்டை.

1966-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஏழைகள் குடியிருக்க முடிந்தது. 1948-க்கு முன்னால் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1997-இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 1999 கடைசி வரை அவகாசம். 2000 ஜனவரி 1 முதல் சொந்தக்காரர் கேட்டதுதான் வாடகை. எங்கள் தெருவில் இருந்து மட்டும் எத்தனை அடுப்புகள் காலி செய்துகொண்டு போயின! 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நாங்கள் அந்தப் பாரம்பரியத்துக்கு வெளியே ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் ஒன்பதாவது வருடம் இருந்துகொண்டிருந்தோம்.

காலி செய்வதற்கு வீட்டுக்காரர் கொஞ்சம் காசு கொடுத்தார். மூவாயிரம் வெள்ளி. அப்பா இரவு டூட்டி ஜாகா வேலையில் இருந்தார், பகலில் தூக்கம். வீட்டுக்காரரின் ஆள் வந்தபோது விழித்திருந்தது சித்தப்பா. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். அன்றைக்கு ராத்திரியே பாதியை எண்ணி அப்பா முன்னால் வைத்தாராம். அப்பா காசைத் தொடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாராம். அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் கோபம் வீட்டுக்காரர் மேல் வந்திருக்க வேண்டும், சட்டத்தை எடுத்தவர்கள் மேல் வந்திருக்க வேண்டும். அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. தம்பிதான் பக்கத்தில் இருந்தான்.

நாங்கள் ரைஃபிள் ரேஞ்ச் போனோம், அவர்கள் சுங்கைப் பினாங் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குப் போனார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்தது நான்தான். அம்மாவும் சின்னம்மாவும் பேச்சை நிறுத்தவில்லை. தீபாவளி முறுக்கு, பொங்கல் பானையிலிருந்து ஒரு டப்பா, யாருக்காவது காய்ச்சல் என்றால் ரசம், எல்லாம் என் கையில் பஸ் ஏறும். ஒருமுறை சித்தப்பா கேட்டார்: "உங்கப்பன் ஒண்ணும் சொல்லலியா?" நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டேன். அப்பா சிரித்தார். "நீ பொம்பளப் புள்ள. ஒனக்கும் இந்தச் சண்டைக்கும் என்னா?" என்றார். அப்போது அது எனக்குச் சுதந்திரமாகத்தான் தெரிந்தது. பெண்ணுக்குப் பங்கு கிடையாது, ஆகவே பங்காளி கிடையாது, ஆகவே இரண்டு வீட்டு ரொட்டியும் கிடைக்கும்.

இரண்டு வீட்டிலும் ரொட்டிச் சித்தாந்தம் ஒரு மதம் போல வளர்ந்திருந்தது. அப்பா சொல்வார்: "நம்ம கட ரொட்டி கெட்டி. கொழம்பு எவ்ளோ ஊத்தினாலும் தாங்கும். அவன் கட ரொட்டி பஞ்சு, பல்லில்லாதவன் சாப்பிடறது." சித்தப்பா சொல்வார்: "உங்கப்பன் கட ரொட்டி செங்கல்லு. நம்ம கட ரொட்டிய பிச்சா ஆவி வரும், வாசன வரும், கறியே வேணாம், வெறும் கோப்பி போதும்." ஒருவர் பெயரை ஒருவர் சொல்வதில்லை. ரொட்டியைச் சொன்னால் போதும்.

ஒரு சாப்பாட்டுக்காக ஊரே இரண்டாக நிற்பதை நான் வேறோர் இடத்திலும் பார்த்தேன். 2018-இல் கம்பெனி என்னை மூன்று வாரம் பயிற்சிக்குச் சைகோன் அனுப்பியது. அங்கே காலையில் எல்லோர் கையிலும் பான் மீ. நீள ரொட்டியைப் பிளந்து, ஈரல் விழுது தடவி, இறைச்சி, ஊறவைத்த கேரட், முள்ளங்கி, கொத்தமல்லி, மிளகாய் திணித்துக் கொடுக்கிறார்கள். வேலையிடத்தில் எந்தத் தள்ளுவண்டி நல்லது என்று கேட்டதுதான் என் தப்பு. அரை மணி நேரம் வேலை நின்றது. ஹொய் ஆனிலிருந்து வந்த ஒரு பெண், அவள் ஊரில் பூவோங் கடையா, மேடம் கான் கடையா என்பதுதான் கேள்வி, மற்றதெல்லாம் பேசத் தகுதியில்லாதவை என்றாள். அந்தோணி போர்டெய்ன் பூவோங்கில் சாப்பிட்டுப் புகழ்ந்ததை உலகமே பார்த்தது. அவள் மேடம் கான் கட்சி. "அமெரிக்கர்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். அப்பா குரல் மாதிரியே இருந்தது.

சைகோனில் ட்ரூவோங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் தமிழர்கள் அங்கே போயிருந்தார்கள். இன்றைக்குக் கூட்டம் முழுக்க வியட்நாமியர்கள். சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அம்மனிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். கோயில் வாசலுக்கு வந்து நின்று பான் மீ தின்றுகொண்டே யோசித்தேன். இந்த ரொட்டி பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்தது. முதலில் வெள்ளைக்காரர் மேசையில் மட்டும் இருந்தது. 1954-இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்களில் ஒரு தம்பதி, 1958-இல் சைகோனில் ஹோவா மா என்று ஒரு கடை வைத்து, தட்டில் தனித்தனியாக இருந்ததையெல்லாம் ரொட்டிக்குள் வைத்து, கையில் எடுத்துக்கொண்டு போகும்படி விற்றார்கள். வீடு மாறி வந்தவர்கள் கையில்தான் அந்த உணவு இன்றைய உருவத்துக்கு வந்திருக்கிறது. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதைப் பிரெஞ்சுப் பெயரில் சேர்க்கவில்லை, பான் மீ என்றே சேர்த்துக்கொண்டது.

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். அது யார் கொடுத்தது என்று சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் ரொட்டியின் பெயரில் அதைச் சுட்டவர் இல்லை, பங்கு போட்டவர் இல்லை, யாரோ வங்காளி இருக்கிறார். பினாங்கில் என் வயதுக்காரத் தமிழர்களிடம் கேட்டால்கூடப் பாதிப்பேர் "வட இந்திய ரொட்டியில்ல?" என்கிறார்கள். ஒரு பெயர் தேய்ந்ததில் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். பெயரோடு கணக்கும் போய்விடுகிறது, அதுதான் இழப்பு. கூலிக்கு வந்தவர்கள் பங்கு போட்டார்கள், முதலாளி தொழிலாளிக்குப் பங்கு கொடுத்தான் என்ற ஒரு கணக்கு அந்தச் சொல்லுக்குள் இருந்தது.

அப்பா 2022-இல் இறந்தார். மாரடைப்பு. நானும் அக்காவும்தான், ஆண் பிள்ளை இல்லை. காலை எட்டு மணிக்குள் ஃபிளாட்டின் கீழே நாற்காலி போட்டுவிட்டார்கள். பெரியவர்கள் முதலில் கேட்ட கேள்வி: "கொள்ளி யாரு? பங்காளிக்குச் சொல்லியாச்சா?" நான் வைக்கிறேன் என்றேன். அதட்டவில்லை, கோபப்படவில்லை. ஒரு பெரியவர் என் தலையைத் தடவி, "அப்பாவ நல்லபடியா அனுப்பணும்ல, ஆயி. நீ பங்காளி இல்லம்மா" என்றார். இருபத்துமூன்று வருடம் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் டப்பா தூக்கியவள் நான். அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாதவர் சித்தப்பா. அவருக்குத் தீட்டு உண்டு, அவர் மகனுக்கு உரிமை உண்டு.

சித்தப்பா ஏற்கெனவே வழியில் இருந்தார். அம்மா விடிவதற்கு முன்பே கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தவர் மாலை வரை எழவில்லை. பத்து லஞ்சாங்கில் தம்பிதான் கொள்ளி வைத்தான். கை நடுங்கியது. திரும்பி என்னைத்தான் பார்த்தான். உச்சித் தோலுக்காக என் முடியைப் பிடித்து இழுத்தவன். நான் அன்றைக்குச் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கு வரை நினைக்கிறேன். சண்டை போடுவதற்கும் முதலில் ஒரு பங்கு வேண்டும்போல.

பதினாறாம் நாள் படையலுக்கு அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ஒரு டின் கின்னஸ், சுருட்டு. ரொட்டி வாங்க நான் கிளம்பும்போது சித்தப்பா உள்ளே வந்தார். கையில் காகிதப் பை. அதில் இருந்தது அப்பா கடை ரொட்டி. அந்தக் கடைப் படியை அவர் மிதித்ததே இல்லை என்று சின்னம்மா சொல்லியிருக்கிறாள். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "இதானே அண்ணன் சாப்பிடும்?" என்றார். செங்கல் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு இரவு பாத்திரம் கழுவும்போது அம்மா ஒன்று சொன்னாள். பிரிந்த புதிதில் அப்பாவும் பழைய கடைக்கேதான் ரொட்டி வாங்கப் போனாராம். ஒருநாள் சித்தப்பா அங்கே வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் முதல் வேறு கடை. "முன்னாடியெல்லாம் அந்தக் கட ரொட்டியத்தான் ஒசத்தியா பேசுவாரு" என்றாள். கெட்டி, குழம்பைத் தாங்கும் என்ற தத்துவமெல்லாம் பிறகு வந்தது. முதலில் சண்டை, அப்புறம்தான் ருசி.

அதனால்தான் இந்த வருடம் தீர்ப்பு எழுத உட்கார்ந்தேன். தம்பி இப்போது கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். பின்பக்கம் சரக்கு வைக்கும் இடத்தில் ஒரு மேசை உண்டு. முன்னால் ஸ்பீக்கரில் பாட்டு அலறும், பின்னால் நிம்மதி. மூன்று சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கடையிலும் ரொட்டி வாங்கினேன். காகிதத்தை உரித்து, அடியில் பென்சிலால் புள்ளி வைத்து, எது எது என்று எனக்கு மட்டும் தெரியும்படி செய்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். பிறகு அவன் புள்ளி வைத்தான், நான் கண்ணை மூடினேன்.

முதல் சனிக்கிழமை அப்பா கடை ரொட்டி மென்மை, சித்தப்பா கடை கெட்டி. சித்தாந்தத்துக்கு நேர் எதிர். இரண்டாவது சனிக்கிழமை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அப்பா கடை உச்சித் தோல் கொஞ்சம் கூடுதலாக முறுகியிருந்தது. சித்தப்பா கடையில் துளி இனிப்பு அதிகம் என்று எனக்குப் பட்டது, தம்பிக்குப் படவில்லை. மூன்றாவது வாரம் தம்பிதான் கேட்டான்: "இப்ப எது மொதல்ல வாங்கின, அக்கா?" அப்போதுதான் உறைத்தது. எந்த வாரமும் கெட்டியாக இருந்தது முதலில் வாங்கிய ரொட்டி. மென்மையாக இருந்தது கடைசியாக, சூட்டோடு வாங்கியது.

அப்பா டூட்டிக்குப் போகும்போது சாயங்காலம் ரொட்டி வாங்குவார். அது அவர் பையில் ராத்திரி முழுக்கக் கிடக்கும். காலையில்தான் வீட்டுக்கு வரும். பன்னிரண்டு மணி நேரத்து ரொட்டி. சித்தப்பா வேலை முடிந்து சூடாக வாங்கி, வீட்டில் கோப்பி ஊற்றி வைத்தவுடன் பிய்ப்பார். அடுப்பிலிருந்து வந்த ரொட்டியில் மாவுச்சத்து நெகிழ்ந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆற ஆற அது மறுபடி இறுகும், ரொட்டி கெட்டிப்படும். சூடான ரொட்டியைக் குழம்பில் முக்கினால் களியாகிவிடும், ஒரு ராத்திரி இருந்த ரொட்டி குழம்பைக் குடித்துக்கொண்டு நிற்கும். பாட்டி சனிக்கிழமையே வாங்கி வைத்ததன் காரணமும் இதுதான். ஆக, அப்பா சொன்னது உண்மை. சித்தப்பா சொன்னதும் உண்மை. இருபத்துமூன்று வருடம் அவர்கள் ஒப்பிட்டது இரண்டு கடையை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டது காலையையும் சாயங்காலத்தையும்.

இரண்டு கடைக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தோலும் அந்தத் துளி இனிப்பும் இருக்கின்றன. ஆனால் அதற்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல் இருக்க முடியாது.

திதியன்று சித்தப்பா வந்தார். முந்தின நாள் இரவு வாங்கி வைத்த சித்தப்பா கடை ரொட்டி ஒன்று, அன்று சாயங்காலம் சுடச்சுட வாங்கிய அப்பா கடை ரொட்டி ஒன்று. காகிதம் எதுவும் இல்லாமல் இரண்டையும் தட்டில் வைத்தேன். படையல் முடிந்ததும் அவர் சூடானதைப் பிய்த்தார். ஆவி வந்தது. மோந்து பார்த்தார். "இதான் நம்ம கட" என்றார். இன்னொன்றை விரலால் தட்டினார். "இது உங்கப்பன் கட. செங்கல்லு." மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு அந்தச் செங்கல்லைத்தான் எடுத்து ஆட்டுக்கறியில் முக்கி, தட்டு காலியாகும் வரை சாப்பிட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவர் படிக்கப்போவதில்லை. தமிழ் நேசன் நின்றதிலிருந்து அவர் எதையும் படிப்பதில்லை. சூடான ரொட்டியின் உச்சித் தோல் அப்படியே இருந்தது. நானும் தம்பியும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அவன் இழுத்தான், நான் விடவில்லை.